38 படிக்கு மேலே நிற்கும் காரைக் கழுவ எது சரி: வாளியா, வாட்டர் வாஷா, பிரஷர் வாஷரா?

எங்கள் வீட்டுக்கும் காருக்கும் நடுவே 38 படிகள். குன்னூர் – கோத்தகிரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தார்ச்சாலையின் ஓரத்தில், கொஞ்சம் அகலமாக இருக்கும் இடத்தில் கார் நிற்கும். வீடு அதற்குக் கீழே, சரிவில். நீலகிரியில் பாதி வீடுகளின் கதை இதுதான். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியாது. அவர்களுக்கு கார் என்றால் போர்டிகோவில் நிற்கும், போர்டிகோ சுவரில் ஒரு குழாய் இருக்கும், குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பிளக் இருக்கும்.

கோவையில் இருக்கும் என் மச்சான் வீட்டில் இந்த மூன்றும் இருக்கின்றன. போன வருடம் அவர் ஒரு பிரஷர் வாஷர் வாங்கினார், தண்ணீரை மோட்டாரால் அழுத்திப் பீய்ச்சும் மெஷின். நான் போயிருந்தபோது என் காரையே அதில் கழுவிக் காட்டினார். சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த செம்மண் கட்டி கட்டியாக விழுந்தது. "வாங்கிப் போடுங்க மாப்பிள்ளை, பத்து நிமிஷ வேலை" என்றார். அவர் வீட்டில் பத்து நிமிஷ வேலைதான், அதில் சந்தேகமில்லை. எங்கள் வீட்டில் அது எத்தனை நிமிஷம் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுதும் ஆனது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் வீடு இருந்து, காரை எப்படிக் கழுவுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில், எதைக் கழுவுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க ஒரே அழுக்கு இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வெளுத்து வாங்கும். (கூடலூர், ஊட்டியின் மேற்குப் பக்கம் இருப்பவர்களுக்கு இதே கூத்து ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.) அப்போது எஸ்டேட் சாலையில் ஒரு முறை போய் வந்தால் போதும், சக்கரக் குழிக்குள் செம்மண் அப்பிக்கொள்ளும். இந்த மண் மணல் போல உதிராது. ஈரமாக இருந்தால் பசை, காய்ந்தால் செங்கல். உள்ளே அப்பிய மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் வெயில் வராத ஊரில் அந்த ஈரம் காயவே காயாது. துரு பிடிப்பது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கோடைக்காலத்தில் கதை வேறு. தூசி, சில்வர் ஓக் இலை, பானெட்டின் மேல் குரங்கின் கால் தடம். அவ்வளவுதான். மேட்டுப்பாளையம் போய் வந்தால் முன் சக்கரங்களில் பிரேக் பொடி கருப்பாகப் படியும். ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் இறங்குகிறோம் அல்லவா, இரண்டாவது கியரிலேயே இறங்கினாலும் பிரேக் தேயத்தான் செய்யும்.

ஆக, மலைக் காரில் பெரிய அழுக்கு இருப்பது அடியில். கண்ணில் படுவது மேலே. இந்த இரண்டுக்கும் ஒரே வழி சரிப்படாது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

டவுனில் வாட்டர் வாஷுக்கு விடுவது எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். ஒரு தடவைக்கு 500 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கும் பெரிய வசதி லிஃப்ட். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் அடிப்பார்கள். வீட்டில் எந்த மெஷின் வாங்கினாலும் அந்தக் கோணம் கிடைக்காது. குறை என்னவென்றால், மழைக்காலத்தில் டவுனில் கழுவி வீடு வந்து சேர்வதற்குள் பாதி அழுக்கு திரும்ப வந்துவிடும். சீசன் நேரத்தில், ஏப்ரல் மே மாதங்களில், வரிசையில் நிற்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. நான் முதலில் போன கடையில் எல்லாக் காருக்கும் ஒரே துணிதான். முந்தின காரின் மண் அந்தத் துணியில் இருக்கும், அதை என் கதவில் தேய்ப்பார்கள். பெயின்ட்டின் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சு 40, 50 மைக்ரான்தான் இருக்கும், ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. வெயில் அடிக்கும்போது கதவில் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல் தெரிந்தால் அது இப்படி வந்ததுதான். அதே கடையில் கடைசியாக அடியில் டீசல் அடித்து "பளபளன்னு இருக்கும் சார்" என்றார்கள். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் டீசல் ரப்பருக்கு ஆகாது. சஸ்பென்ஷன் புஷ்கள் எல்லாம் ரப்பர். உங்கள் கடையிலும் இந்தப் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது வாளி. இதை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். 15 லிட்டர் வாளி இரண்டு, ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, கார் ஷாம்பு. ஒரு வாளியில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு கதவு தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். மண் வெறும் தண்ணீர் வாளியிலேயே தங்கிவிடும். மேலிருந்து கீழே வர வேண்டும், சக்கரம் கடைசி. மூன்று, நான்கு வாளியில், அதாவது 50, 60 லிட்டரில், மேல்பக்கம் முழுவதும் சுத்தமாகிவிடும். கோடையில் குழாயில் தண்ணீர் வருவதற்கே நாள் எண்ணிக்கொண்டிருக்கும் குன்னூரில் இதைவிடச் சிக்கனமான முறை கிடையாது. பாத்திரம் கழுவும் சோப் மட்டும் வேண்டாம், அது எண்ணெய்ப் பசையோடு சேர்த்து மெழுகையும் எடுத்துவிடும்.

வாளியின் பிரச்சினை படிகள். நிரம்பிய வாளி 15 கிலோ. நான்கு வாளி என்றால் 38 படி நான்கு முறை. மனைவி ஒரு நாள் மேலே நின்று பார்த்துவிட்டு, "ஜிம்முக்குக் கொடுக்கிற காசு மிச்சம்" என்றாள். அதைவிடப் பெரிய பிரச்சினை, காய்ந்த செம்மண்ணின் மேல் கையுறையை வைத்தால் அது உப்புத்தாள்தான். மக்கில் தண்ணீரை மொண்டு ஊற்றினால் அந்த மண் அசையாது. சக்கரக் குழிக்குள்ளோ கையே போகாது.

ஹோஸ் பைப் போடலாமே என்று கேட்பீர்கள். வீட்டு மாடியில் இருக்கும் டேங்க், வீட்டுத் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம். 38 படி என்றால் ஆறரை மீட்டர். டேங்க்கின் தலைக்கு மேலே மூன்றரை மீட்டரில் கார் நிற்கிறது. தண்ணீர் எப்படி ஏறும்? ஏறாது. மச்சான் வீட்டில் ஹோஸ் பைப்பில் வாளி பிடித்து அளந்தேன்: 15 லிட்டர் நிரம்ப ஒரு நிமிடம் பத்து விநாடி. அந்த வேகத்தில் 15 நிமிடம் திறந்து விட்டால் ஏறக்குறைய 190 லிட்டர் போகும். அவ்வளவு ஊற்றியும் மட்கார்டு மண் போகாது, அழுத்தம் போதாது.

நடுவில் இன்னொரு வகை வருகிறது, பேட்டரியில் ஓடும், தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி. 48 வோல்ட், 98 வோல்ட் என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். விலை மலிவு, பிளக் வேண்டாம், ஒரு வாளியிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் படிக்கட்டுக்காரர்களுக்கு ஆசை வரும். எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வாங்கியிருந்ததைக் கடன் வாங்கிப் பார்த்தேன். இந்த வகையில் நல்லதே 20, 25 பார் அழுத்தம்தான் தரும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). தூசி போகும், ஷாம்பு நுரை போகும், ஸ்கூட்டர் கழுவலாம். செம்மண்ணுக்கு ஆகாது. எழுதியிருக்கும் வோல்ட் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

இனி பிரஷர் வாஷர். வீட்டு உபயோகத்துக்கு வரும் மெஷின்கள் பெரும்பாலும் 1300 முதல் 1800 வாட், 100 முதல் 130 பார், நிமிடத்துக்கு ஐந்தரை முதல் ஏழு லிட்டர். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது உச்ச அழுத்தம். வேலை செய்யும்போது வரும் அழுத்தம் அதைவிட நன்றாகக் குறைவு, அது பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

110 பார் என்றால் எவ்வளவு என்று மலைக்காரர்களுக்குச் சொல்வது எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார். 110 பார் என்றால் 1100 மீட்டர் உயரத்திலிருந்து குழாயில் தண்ணீர் இறங்கி வந்து அடிப்பது போல. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் இறக்கத்தில் முக்கால் பங்கு. சிங்காராவில் பைக்காரா மின்நிலையம் இருக்கிறதே, அங்கே மலை மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரை ஒரு சின்ன முனை வழியாகப் பீய்ச்சித்தான் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அதே வேலையை ஒரு சூட்கேஸ் அளவு பெட்டி செய்கிறது. தண்ணீர் அளவில் கொஞ்சம்தான். துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்திருக்கும் நேரம் மொத்தமாகப் பத்து, பன்னிரண்டு நிமிடம் என்று வைத்தால் 60, 70 லிட்டரில் வேலை முடியும். வாளிக்குச் சமம், ஹோஸ் பைப்பில் மூன்றில் ஒரு பங்கு. "பிரஷர் வாஷர் தண்ணீரைக் குடிக்கும்" என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. சத்தத்தை வைத்து அப்படி நினைக்கிறார்கள்.

சரி, 8500 ரூபாய்க்கு ஒன்றை வாங்கிவிட்டேன். முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? மெஷினை 38 படி ஏற்றினேன். வீட்டில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் 20 மீட்டர் ஒயரை இழுத்து, இரண்டு வாளித் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போய், சாலையில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். மோட்டார் உறுமியது, சுற்றவில்லை. மாலை நேரம், எங்கள் லைனில் வோல்டேஜ் இறங்கும் நேரம். அது போதாதென்று மெல்லிய ஒயர் வேறு. ஒயரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. நல்ல வேளை, கீழே டிரிப் ஆகிவிட்டது.

1500 வாட் மெஷின் ஆறரை ஆம்பியர் இழுக்கும், தொடங்கும்போது அதைவிடப் பல மடங்கு. ஆறு ஆம்பியர் சின்ன பிளக்கில் போடக்கூடாது. 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். ஒயரை நீட்டியே ஆக வேண்டும் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். எப்படி இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இந்த மெஷினைத் தொட வேண்டாம். ஈரத் தரை, ஈரக் கை, ஈரச் செருப்பு, நடுவில் 230 வோல்ட்.

அப்புறம் ஒரு நாள் படியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புத்தி வந்தது. தண்ணீரையும் மின்சாரத்தையும் காரிடம் கொண்டு போக ஏன் பாடுபட வேண்டும்? இரண்டும் கீழே வீட்டில் இருக்கின்றன. மெஷினும் அங்கேயே இருக்கட்டும். மேலே போக வேண்டியது அழுத்தக் குழாய் மட்டும்தான். ஆறரை மீட்டர் உயரம் ஏறுவதற்கு முக்கால் பார்கூடச் செலவாகாது. 20 மீட்டர் நீளக் குழாயில் உராய்வால் இன்னும் சில பார் போகும். நூறு பார் தரும் பம்புக்கு அது ஒன்றுமே இல்லை. ஹோஸ் பைப்புக்கு ஏற முடியாத மலை இதற்கு ஒரு திண்ணை.

மெஷினோடு வரும் குழாய் மூன்று முதல் ஆறு மீட்டர்தான். நீட்டிப்புக் குழாய் தனியாக விற்கிறார்கள். பத்து மீட்டரில் இரண்டு வாங்கினேன். இரண்டும் சேர்த்து மெஷின் விலையில் ஏறக்குறைய பாதி ஆனது, வயிறு எரிந்தது. ஒரு எச்சரிக்கை: ஒரு கம்பெனி குழாயின் இணைப்பு இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது. சிலவற்றில் மரை, சிலவற்றில் கிளிப். மெஷின் வாங்கும் முன்பே அதற்கு நீட்டிப்புக் குழாய் கிடைக்கிறதா என்று பாருங்கள். மலைக்காரர்கள் பார் கணக்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது.

மேலே துப்பாக்கியை விட்டதும் கீழே மெஷின் தானாக நிற்கிறது. இந்தத் தானியங்கி நிறுத்தம் இப்போது வீட்டு மெஷின்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. ஆகவே ஸ்விட்சுக்காகப் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. யாரும் விசையை அழுத்தாமலே மோட்டார் விட்டு விட்டு உறுமினால், குழாய் இணைப்பில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

தண்ணீருக்கு என்ன வழி? எங்கள் வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் 200 லிட்டர், ஒரு டிரம் நிரம்பிவிடும். வடகிழக்கு மழையில் பத்து மில்லிமீட்டர் எல்லாம் காலை டீக்குள் பெய்துவிடும். கார் எப்போது சேறாகிறதோ அப்போதுதான் கூரைத் தண்ணீரும் வழிகிறது. மழைத்தண்ணீரில் உப்பு இல்லை, காய்ந்தால் பெயின்ட்டில் வெள்ளைப் புள்ளி விழாது. கோடையில் தண்ணீர் இல்லை, சேறும் இல்லை, வாளி போதும். எங்கள் ஊர்க் காலநிலையே இந்தக் கேள்விக்குப் பாதி பதிலை எழுதி வைத்திருக்கிறது.

டிரம்மை இரண்டு கல்லின் மேல் ஏற்றி, அடியில் ஒரு குழாய் வைத்து மெஷினுக்கு இணைப்பது நல்லது. உறிஞ்சிக்கொள்ளும் வசதி உள்ள மெஷின் என்றாலும் அரை மீட்டர் ஆழத்திலிருந்துதான் தெம்பாக இழுக்கும். தண்ணீர் போதாமல் காற்றை இழுத்தால் பம்ப் அதிரும், சத்தம் மாறும்; தொடர்ந்து ஓட்டினால் உள்ளே சீல் போய்விடும். கூரையிலிருந்து பாசியும் இலைத் தூளும் வரும் என்பதால் டிரம் வாயில் பழைய வேட்டியைக் கட்டியிருக்கிறேன். மெஷினின் உள்வாய் வலையையும் ஒவ்வொரு முறையும் கழற்றி அலச வேண்டும்.

கழுவும் முறையில் நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலை ஏறி வந்த காரை உடனே கழுவாதீர்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் போகட்டும். முதலில் சக்கரக் குழி, அடிப்பாகம், அப்புறம் மேல்பக்கம். மெஷினோடு இரண்டு முனை வரும். விசிறி போல விரியும் முனைதான் காருக்கு. சுழன்று சுழன்று அடிக்கும் இன்னொன்று சிமென்ட் தரைக்கு; அதைப் பெயின்ட்டுக்குக் காட்டாதீர்கள். முனைக்கும் காருக்கும் ஒரு அடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும், டயருக்கும்தான். டயரின் பக்கவாட்டில் நெருக்கமாகப் பிடித்தால் உள்ளே இருக்கும் இழைகள் அறுபடலாம், அது வெளியே தெரியாது. கொண்டை ஊசி வளைவில் தெரிந்தால் என்ன ஆவது?

இந்த ஒரு அடி விஷயத்தில் எனக்கு ஒரு தழும்பு உண்டு. பின் பம்பரில் ஒரு ஓரம் முன்பு உரசி, ஒரு பட்டறையில் பெயின்ட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு பிடிவாதமான தார்ப் புள்ளி. நெருங்கிப் போய்ப் பிடித்தேன். தார் அப்படியே இருந்தது. பெயின்ட் உள்ளங்கை அளவுக்குத் தோலுரிந்து பறந்தது. கம்பெனி பெயின்ட் தாங்கும் அடியை டச்சப் பெயின்ட் தாங்காது. ஸ்டிக்கர் ஓரம், கண்ணாடி ரப்பர், பார்க்கிங் சென்சார் ஆகியவற்றிலும் கை தள்ளியே இருக்கட்டும். பானெட்டுக்குள் அடிக்கவே வேண்டாம். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஒயர் முனைகள் எல்லாம் மழையைத் தாங்கும்படி செய்தவைதான், நூறு பாரைத் தாங்கும்படி அல்ல. ரேடியேட்டர் தகடுகளும் வளைந்துபோகும். வைப்பருக்குக் கீழே சேரும் சில்வர் ஓக் இலைகளையும் கையால் அள்ளுவதுதான் சரி. தண்ணீர் அடித்தால் அவை வடிகால் ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் பிரஷர் வாஷரால் மட்டும் கார் பளபளக்காது. மண் போகும், மெல்லிய அழுக்குப் படலம் அப்படியே இருக்கும். காய்ந்த பிறகு விரலால் தேய்த்தால் தெரியும். அதை எடுக்க வாளியும் கையுறையும் வேண்டும். மெஷின் கல்லையும் மண்ணையும் தள்ளிவிடுவதால் கையுறை கீறாமல் போகிறது. அதன் உபகாரம் அங்கேதான். நுரை அடிக்கும் பாட்டில் ஒன்று தனியாக விற்கிறார்கள், ஒரு லிட்டர் பிடிக்கும். கோவை வெயிலில் நுரை காய்ந்து திட்டு விழும். எங்கள் மூடுபனியில் பத்து நிமிடம் அப்படியே நின்று ஊற வைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மச்சான் வீட்டைவிட எங்கள் வீடு மேல். ஆனால் ஷாம்புவை அளவாகப் போடுங்கள். எங்கள் சாலையில் ஓடும் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகிறது, ஓடை குன்னூர் ஆற்றுக்கு, ஆறு பவானிக்கு. வழியில் அதைப் புழங்கும் வீடுகள் இருக்கின்றன.

கழுவி முடித்ததும் ஒரு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, லேசாக பிரேக் போட்டுக் காய வையுங்கள். ஈர பிரேக்கோடு பர்லியார் பக்கம் இறங்கக் கூடாது. ஈரமாகவே ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டால் காலையில் பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு சக்கரம் அசையாது. சரிவில் ஹேண்ட் பிரேக் இல்லாமல் எப்படி என்றால், பிரேக்கைக் காய வைத்த பிறகு இழுங்கள். கியரில் போட்டு, சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி, கல்லும் வையுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் இந்த வேலையை நான் வைத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் எங்கள் சாலையில் காட்டெருமை நடக்கும். துப்பாக்கி என் கையில்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு அது தெரியாது.

இவ்வளவும் படித்துவிட்டு எது வாங்கலாம் என்று கேட்டால், கார் எங்கே நிற்கிறது என்று திருப்பிக் கேட்பேன். அழுத்தக் குழாய் 20 மீட்டருக்குள் எட்டும், 16 ஆம்பியர் பிளக் இருக்கிறது, கூரைத் தண்ணீர் பிடிக்க இடம் இருக்கிறது, மழைக்காலத்தில் எஸ்டேட் சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் பிரஷர் வாஷர் வாங்குங்கள். மழைக்காலத்தில் மாதம் மூன்று முறை கழுவுகிறேன். டவுனுக்குப் போகும் 500 ரூபாயை மிச்சம் என்று வைத்தால், குழாயையும் சேர்த்து இரண்டு மூன்று மழைக்காலத்தில் காசு திரும்பிவிடும். மின்சாரம் ஒரு தடவைக்கு அரை யூனிட்கூட ஆகாது. தார்ச்சாலையிலேயே ஓட்டுபவர், வாடகை வீட்டுக்காரர், பிளக் எட்டாதவர் எல்லாம் வாளியோடு இருக்கலாம். மழை முடிந்ததும் டிசம்பர் கடைசியில் லிஃப்ட் உள்ள கடையில் ஒரு முறை அடிப்பாகத்தை மட்டும் கழுவி வாங்குங்கள், டீசல் இல்லாமல். நானும் அந்த ஒரு முறையை விடவில்லை. காரைத் தூக்கிக் கழுவினால் வரும் மண் வேறு.

ஊட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. தலைகுந்தா, காந்தல் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது மெஷினை வெளியே விடாதீர்கள். தண்ணீர் உறைந்தால் கனஅளவில் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பெருக்கும். பம்புக்குள் மிச்சமிருக்கும் ஒரு டம்ளர் போதும், உள்ளே வெடிக்க. தண்ணீர்க் குழாயைக் கழற்றிவிட்டு, மெஷினை சில விநாடி ஓட்டி, விசையை அழுத்தி உள்ளே இருப்பதை வெளியேற்றிவிட்டு வீட்டுக்குள் வையுங்கள். கொடைக்கானலுக்கும் இதே கதைதான்.

எங்கள் சாலையின் மறுபக்கத்தில் ஒரு அண்ணா இருக்கிறார். அவர் வீடு சாலைக்கு மேலே, கார் கீழே. என் மெஷினைப் பார்த்துவிட்டு அவரும் வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கண்ணா, ஆனால் அதற்கு முன்னால் உங்கள் டேங்க்கிலிருந்து சாலை வரைக்கும் ஒரு ஹோஸ் பைப்பை விட்டுப் பாருங்கள் என்றேன். டேங்க் காருக்கு 12 மீட்டர் மேலே. ஒரு பாருக்கு மேல் தானாக வருகிறது, கரண்ட் இல்லாமல். இந்த மழைக்காலத்தை அதை வைத்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மட்கார்டு மண்ணுக்கு மட்டும் என் துப்பாக்கி சாலையைத் தாண்டி எட்டுமா என்று நாளை கயிறு போட்டு அளக்கப் போகிறோம்.